நீல இலைகள் பிடித்து வைத்த நிழல்

நாவல் மரத்தை வெட்டிக்கொண்டு போன மூன்றாம் நாள்தான், மரம் போனாலும் அதன் நிழல் போகவில்லை என்பது அந்த எஸ்டேட்டின் மேல் லைன் தொழிலாளர் வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியவந்தது. அதுவும் பாக்கியம் அக்காவின் துணி காயாததால்தான் தெரியவந்தது. மரம் ஒழிந்தது, இனி வீட்டுக்குப் பின்னால் வெயில் கொட்டும் என்று நம்பி அவள் புதிதாக ஒரு கொடி கட்டி, நாலு ஜாக்கெட்டும் இரண்டு கம்பளியும் காயப்போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தால், பிழிந்தபோது இருந்த ஈரம் அப்படியே இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கோத்தகிரி வரைக்கும் வெறும் வானம். குனிந்து பார்த்தாள். மரம் நின்ற காலத்தில் எங்கே கிளையின் நிழல் விழுமோ அங்கே கிளையின் நிழல், எங்கே இலையின் நிழல் ஆடுமோ அங்கே இலையின் நிழல், காற்று வந்தால் அசைந்துகொண்டு, காற்று நின்றால் நின்றுகொண்டு.

"அடியே யோகராணி! ஒங்க மரம் நிழல மறந்து வச்சிட்டுப் போயிருச்சுடி!" என்று அவள் போட்ட சத்தம் மூன்று வரிசை வீட்டுக்கும் கேட்டது.

யோகராணி பின்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு முதல் நாளே தெரியும். மரம் அறுத்தவர்கள் கட்டையை லாரியில் ஏற்றிப் போன மறுநாள் காலை, அவள் பின்கதவைத் திறந்தபோது, நீல இலைச் செடிகள் பதினாலு தூரும் ஒரு பொட்டு வெயில் படாமல் குளிர்ந்து கிடந்தன. அவற்றின் நடுவில் அவளுக்கு முன்னாலேயே எழுந்துபோன மகள் மிதுனா உட்கார்ந்து, நத்தைகளைப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். நிழல் இருந்தது, அதனால் பிள்ளை வெளியே இருந்தாள். ஏன், எப்படி என்று யோகராணி கேட்கவில்லை. கேட்டால் அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

மிதுனாவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. பிறக்கும்போதே பால் நிறம். முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. வெயில் பட்ட இடம் சிவந்து கொப்புளம் போடும், வெளிச்சம் அடித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வெயில் படாம வளத்துருங்கம்மா, அது ஒண்ணுதான் மருந்து" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் மிதுனாவுக்கு வேண்டியது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் எதிர் மேட்டில் இருந்தது, நடுவில் ஒரு மரம்கூட இல்லாத மொட்டைச் சரிவு இருந்தது. போன ஜூன் மாதம் யோகராணி குடை பிடித்துக் கூட்டிப் போய்ப் பார்த்தாள். பாதிச் சரிவில் காற்று குடையைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு போக, பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள், வெயில் பட்ட பிள்ளையின் கையும் கழுத்தும் ஆற இருபது நாளாயிற்று. அதிலிருந்து மிதுனா, எதிர் மேட்டில் மணி அடிக்கும்போதெல்லாம், நாவல் மரத்தடியில் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

செடிகள் வந்த கதை இது. மிதுனா கைக்குழந்தையாக இருந்தபோது யோகராணி மேனேஜர் துரை பங்களாத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அங்கே இருந்த அம்மா, மாற்றலாகிப் போகிற அன்று, ஒரு சாக்கு நிறையக் கிழங்கும் வேருமாகக் கொடுத்து, "ஹோஸ்டான்னு பேரு. நிழல்ல வை. வேருக்குத் தண்ணி ஊத்து, எலைக்கு ஊத்தாத. எலையத் தொடாத. அந்த நீலம் எலைக்குள்ள இல்ல, எலை மேல பூத்திருக்கிற மாவு. கருப்புத் திராட்சை மேல இருக்குமே, அந்த மாதிரி. ஒருதடவ தொடச்சா அந்த எலைக்குத் திரும்ப வராது" என்று சொன்னார்கள். யோகராணி அதை வேதமாக எடுத்துக்கொண்டாள். நாவல் மரத்தடியில் வட்டமாக நட்டாள். நத்தை ஏறாமல் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள், மழை அடித்தால் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து மூடினாள். மார்கழிப் பனியில் இலையெல்லாம் கருகி ஒன்றுமில்லாமல் போகும், பங்குனியில் சுருட்டு மாதிரி முளைவிட்டு விரியும், விரிந்தால் முறத்தளவு இலை, விடியற்காலை மலை தூரத்தில் எந்த நிறத்தில் தெரியுமோ அந்த நிறம். மிதுனா அவற்றின் நடுவிலேயே தவழ்ந்து, நடந்து, வளர்ந்தாள். ஒரு இலையைக்கூடத் தொட மாட்டாள்.

சித்திரையில் மரம் அறுக்க ஆள் வந்தபோது, அறுக்க வந்தவர் நல்ல மனுஷன், "இது கொழந்த வெளையாடுற எடமாம்மா? ஒரு வார்த்த சொல்லு, நான் ஆபீஸ்ல பேசிப் பாக்குறேன்" என்று கேட்டார். யோகராணிக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காமல் அடி வாங்கினவள் அவள், அந்த வருஷத்தோடு படிப்பும் நின்றது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள், அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

ஆக, நிழல் நின்றது. இரண்டு நாள் லைனில் அதே பேச்சாக இருந்தது. மூன்றாம் நாள் அது பழகிவிட்டது. காலையில் மேற்கே சாய்ந்து கோழிக்கூண்டு வரை போகும், உச்சிவேளையில் செடிகளைச் சுற்றிக் குறுகி உட்காரும், சாயங்காலம் கிழக்கே நீண்டு பாக்கியம் வீட்டு வாசல்படி ஏறும். மரம் இருந்தபோது என்ன வேலை பார்த்ததோ அதே வேலையை ஒரு நாள் தவறாமல் பார்த்தது. பால் திரியாமல் இருக்கப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை சீட்டாட வந்து, செடி ஓரமாகப் பாய் விரித்து, கையை மடக்கி உட்கார்ந்தார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்களை அங்கேதான் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்து, குனிந்து பார்த்து, "காத்தோட்டமா இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பியை வாங்கிக்கொண்டார். காக்கைகள்தான் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. நிழலில் தெரிகிற கிளையைப் பார்த்துவிட்டு மேலே வந்து உட்காரப் போய், உட்கார ஒன்றும் இல்லாமல் திட்டிக்கொண்டே பறந்தன.

நிழலைப் பிடித்து வைத்திருப்பது எது என்று யோகராணிக்குத் தெரிந்தது பாக்கியத்தின் கட்டைவிரலால். பாக்கியத்துக்கு ஐம்பது வயது, கொழுந்து பறிக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்வரிசை, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவள். ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தவள், "என்னடி இது, செடிக்குப் பவுடர் போட்டு வச்சிருக்க? ஒனக்கே போட மாட்டியே?" என்று சிரித்தபடி ஒரு இலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த இடம் பச்சையாயிற்று. அதே நேரத்தில், நிழலுக்குள்ளே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொட்டு வெயில் மேலிருந்து இறங்கி மிதுனாவின் தோளில் உட்கார்ந்தது. பிள்ளை "ஸ்ஸ்" என்று தோளை இழுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அங்கே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கொப்புளம்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பாக்கியம் எல்லோருக்கும் கட்டைவிரலைக் காட்டினாள். "நேத்துலேருந்து ஐஸ்ல வச்சாப்ல சில்லுன்னு இருக்கு புள்ள. வெயில்ல தூக்கிப் புடிச்சா கண்ணுக்கு எதமா இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவுனேன், போயிருச்சு."

யோகராணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டைவிரலையும் பிள்ளையின் கொப்புளத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் எட்டுக் குடம் வரிசையில் நின்றது, நாக்கு ஒட்டிக்கொண்டது, குடம் நிறைந்ததும் நடந்து போய்விட்டாள்.

வைகாசி பிறந்ததும் கோயில் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் சின்னக்காளை ஃபாக்டரியில் கொதிகலன் பார்க்கிறவர், எதையும் முறைப்படி செய்யாவிட்டால் தூக்கம் வராதவர். "ஒரு மாசமா அந்த நெழல்ல ஒக்காந்து சீட்டாடுறோம், பால வைக்கிறோம், ஒரு சூடம் கொளுத்தினமா? தானா நிக்கிற நெழலு, அது சும்மா நிக்குமா? அம்மன் வந்து எறங்கியிருக்கா. அவளுக்குச் செய்ய வேண்டியதச் செய்யணுமா வேண்டாமா?" என்று கேட்டார். செய்யவேண்டும் என்றார்கள். என்ன செய்வது என்பதிலும் சந்தேகம் இல்லை. அந்த லைன் மாரியம்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு: திருவிழாவில் அம்மன் முகத்தைத் துண்டால் துடைக்கமாட்டார்கள், பதினொரு பெண்கள் தங்கள் முந்தானையை நனைத்துத்தான் துடைப்பார்கள், தாய் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, துடைத்த பிறகு மஞ்சள், அதன் மேல் குங்குமம். நீல இலைகளுக்கும் அதே முறை, வருகிற ஞாயிற்றுக்கிழமை, உச்சிவேளையில். நிழலுக்குள்ளேயே வளருகிற வெள்ளைப் பிள்ளை மிதுனாவை நடுவில் மணை போட்டு உட்காரவைத்து, அவளுக்கும் மாலை. ஆறு நாள் இருந்தது.

யோகராணி முதலில் புருஷனிடம் சொன்னாள். ஞானசேகர் கெட்டவன் இல்லை, ஆனால் ஊரோடு ஒத்துப் போகிறவன். ஃபாக்டரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்டான். "எலையத் தொட்டா நெழல் போயிரும்னு நான் போயிச் சொன்னா என்ன சொல்லுவாங்க? ஒம் பிள்ளைக்கு மட்டும் வேணும்னு சாமியப் பூட்டி வைக்கிறியான்னு கேப்பாங்க. நீ சொல்லு, பொம்பளைங்ககிட்ட. நீ சொன்னா கேப்பாங்க."

"நானா?"

"வாயி இருக்குல்ல?"

அவள் பாக்கியத்திடம் போனாள். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள், பாக்கியம் கதவைத் திறந்து "என்னடி அதிசயமா இருக்கு" என்றதும், "கொஞ்சம் சீனி இருக்குமாக்கா?" என்று கேட்டு, வீட்டில் இருந்த சீனிக்கு மேலே இன்னொரு டம்ளர் சீனியோடு திரும்பி வந்தாள். மறுநாள் கமிட்டி கூடின இடத்துக்குப் போய், கடைசியில், எல்லோரும் கலைகிறவரை நின்றாள். சின்னக்காளை அவளைப் பார்த்து, "ஒனக்கென்னம்மா, அம்மன் ஒன் வீட்டுப் பின்னாடில்ல வந்திருக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் எழுத்து மறக்கவில்லை. சர்ஃப் டப்பா அட்டையைக் கிழித்து, அடுப்புக்கரியால், ஒவ்வொரு எழுத்தாக, இலையைத் தொடாதீர்கள் என்று எழுதி, ஒரு குச்சியில் கட்டிச் செடிகளுக்கு முன்னால் நட்டுவைத்தாள். அன்று ராத்திரிதான் மூன்று நாளில் முதல்முறையாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் லைன் முழுக்க அந்த அட்டையைப் படித்தது. எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, பேசாதவள் எழுதுவாள் என்று யாருக்குத் தோன்றும்? சின்னக்காளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பாத்தீங்களா. குளிக்காம, சுத்தமில்லாம தொடக்கூடாதுன்னு உத்தரவு வந்திருக்கு. பதினோரு பேரும் இன்னிக்கே விரதம் ஆரம்பிங்க. ஞாயித்துக்கெழம தலைக்கு ஊத்திக்கிட்டு, கோடிப் பொடவ கட்டிக்கிட்டுத்தான் தொடணும்." பதினொரு பெண்களும் பக்தியோடு தலையை ஆட்டினார்கள். அட்டைக்கு ஒரு பூவும் சுற்றினார்கள். யோகராணி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மலையில் மேகம் ஒன்றுகூட இல்லை. தப்புமேளம் அடித்துக்கொண்டு வந்தார்கள், பதினொரு பெண்களும் கோடிப் புடவையில் ஈரத் தலையோடு தண்ணீர்ச் செம்பு ஏந்தி வந்தார்கள். நிழல் வழக்கம்போல உச்சிவேளைக்குக் குறுகி, பதினாலு தூரையும் அவற்றின் நடுவே மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளையையும் மட்டும் மூடிக்கொண்டு நின்றது. மிதுனா மாலையின் கனத்தில் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு பேரில் ஒருத்தியான பாக்கியம் குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளி, "இன்னிக்கு நீதான் சாமி. சாமி அழக்கூடாது, எந்திரிக்கக்கூடாது, என்ன?" என்றாள். பிள்ளை சரி என்று தலையாட்டினாள். யோகராணியின் கையில் மஞ்சள் குங்குமத் தட்டைக் கொடுத்து, நிழலின் விளிம்பில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

முதல் முந்தானை நனைந்தது, முதல் இலையைத் துடைத்தது. நீலம் வழிந்து துணியில் ஏறியது, இலை பளபளவென்று பச்சையாயிற்று, அந்த இலை அளவுக்கு ஒரு வெயில் துண்டு சடாரென்று நிழலுக்குள் விழுந்தது. "அம்மன் கண்ணத் தொறக்குறா!" என்று சின்னக்காளை கத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டாவது இலை, இரண்டாவது கண். மூன்றாவது, நான்காவது, பதினொரு பேரும் வெளிவட்டத்திலிருந்து உள்ளே துடைத்துக்கொண்டே வந்தார்கள், ஒவ்வொரு இலையாக, முன்னும் பின்னும், காம்பு வரைக்கும், காது மடலுக்குப் பின்னால் துடைப்பது போலச் சுத்தமாக, அத்தனை ஆசையாக, துடைக்கத் துடைக்க வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து, பொட்டும் பொட்டும் சேர்ந்து திட்டாகி, திட்டும் திட்டும் சேர்ந்து மணையை நோக்கி நகர்ந்தது. தப்புச் சத்தம் ஏறியது. ஞானசேகர் ஆண்கள் வரிசையில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான்.

வெயில் மணையின் காலைத் தொட்டது. மிதுனா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இன்னொரு இலை. வெயில் அவள் கால்விரல்களில் ஏறியது. இழுக்க இனி இடம் இல்லை. சாமி அழக்கூடாது என்பதால் அவள் அழவில்லை, சாமி எழுந்திருக்கக்கூடாது என்பதால் எழுந்திருக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணீர் மட்டும் தானாக இறங்க, நேராகத் தன் அம்மாவைப் பார்த்தாள். பிள்ளையும் தன்னைப் போலவே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை யோகராணி அப்போது பார்த்தாள்.

தட்டு கீழே விழுந்தது.

"கைய எடுங்கடி!"

அது யாருடைய குரல் என்று யோகராணிக்கே தெரியவில்லை. தப்பு நின்றது. பதினொரு கைகள் இலை மேலேயே நின்றன. பாக்கியத்தை அந்த லைனில் யாரும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை, அவள் புருஷன்கூட உயிரோடு இருந்தவரை அதற்குத் துணியவில்லை.

"அந்த நீலம்தான் நெழல்," என்றாள் யோகராணி. குரல் நிற்கவில்லை. "நீங்க தொடைக்கிறது அழுக்க இல்ல, நெழல. அட்டையில எழுதுனது நான். குளிச்சாலும் தொடாதீங்க, குளிக்காமலும் தொடாதீங்க. எம் பிள்ளையக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க!"

பார்த்தார்கள். கால்விரல் பத்தும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. முதலில் அசைந்தவள் பாக்கியம்தான். சாமி, முறை, விரதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெயிலில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் எந்தப் பெண்ணும் செய்கிறதைச் செய்தாள். "அய்யோ எந் தங்கமே" என்று பாய்ந்து, தன் ஈர முந்தானையை விரித்து மிதுனாவின் தலைக்கு மேலே பிடித்தாள்.

முந்தானைக்குக் கீழே விழுந்தது முந்தானையின் நிழல் இல்லை. ஒரு கிளை, அதில் இருபது முப்பது நாவல் இலைகள், காற்று வந்ததும் அசைந்தன. மிதுனாவின் வெள்ளைத் தலையில் இலை நிழல் ஆடியது. பிள்ளை பெருமூச்சு விட்டாள்.

"எல்லாரும் வாங்கடி," என்றாள் பாக்கியம். மற்றப் பத்துப் பேரும் வந்தார்கள். பதினொரு முந்தானையும் விரிந்தது, கிளையோடு கிளை சேர்ந்தது, மணையைச் சுற்றி நாவல் மரத்தின் முழு நிழலும் மறுபடி வந்து நின்றது. சின்னக்காளை செருப்பில்லாத காலோடு வெயிலில் நின்று, சூடம் ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். துடைக்காமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தூர், ஐந்து இலை, கோழிக்குஞ்சு படுக்கிற அளவு நிழல்.

அன்று சாயங்காலம், இதுவரை சீனிக்குத் தவிர ஒரு கதவையும் தட்டாத யோகராணி, பதினொரு கதவைத் தட்டினாள். "முந்தானையத் தண்ணியில நனைக்காதீங்க. மஞ்சக்கறை இருந்தா இருக்கட்டும். மடிச்சு உள்ள வைங்க." மேல் வரிசையில் ஐந்து, நடு வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் இரண்டு, பத்துப் பேரும் புடவையை மாற்றி மடித்து வைத்திருந்தார்கள், சரி சரி என்றார்கள். கடைசி வீடு சரோசா வீடு. சரோசா சுத்தக்காரி. யோகராணி கதவைத் தட்டும்போதே உள்ளே சோப்பு வாசனை வந்தது. வாளிக்குள் நுரை, நுரைக்குள் புடவை, வாளியைச் சுற்றி அந்த இருட்டு வீட்டிலும் கொஞ்சநேரம் ஒரு கிளை நிழல் ஆடி, கரைந்து, வடிகாலில் போயிற்று.

"தெரியாமப் பண்ணிட்டேன் யோகா," என்று சரோசா வாளியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

யோகராணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "பத்து இருக்குக்கா. பத்துப் பேரு வந்தா போதும். நீ பைய எடுத்துட்டு வா" என்றாள். எங்கே, எந்தப் பை என்று சரோசாவுக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை எட்டரை மணிக்கு, கோடிப் புடவை கட்டி முந்தானையில் மஞ்சள் கறையோடு பத்துப் பெண்கள் லைன் முனையில் வந்து நின்றார்கள். ஏழரை மணிப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "என்ன கூத்து இது? கொழுந்து யாரு பறிக்கிறது?" என்று சத்தம் போட்டார். எல்லோரும் யோகராணியைப் பார்த்தார்கள். "பிள்ளைய விட்டுட்டு வந்து பறிப்போம். நின்ன நேரத்துக்குச் சாயங்காலம் நிப்போம்" என்று அவள் சொன்னாள், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் பத்து முந்தானைகளையும் அவற்றுக்குக் கீழே ஆடுகிற இலை நிழல்களையும் பார்த்தார். "பத்து நிமிஷம்" என்றார். சரிவே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும், அது அவருக்கும் தெரியும்.

மொட்டைச் சரிவில் வெயில் காய்ச்சி ஊற்றின மாதிரி நின்றது. முன்னால் பாக்கியம், இரண்டு பக்கமும் நாலு நாலு பேர், பின்னால் ஒருத்தி, எல்லோர் கையும் தலைக்கு மேலே, நடுவில் யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டு மிதுனா, பின்னால் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு சரோசா. கொஞ்சம் வேகமாகப் போனால் கிளைக்கும் கிளைக்கும் நடுவே வெயில் கோடு விழும், கொஞ்சம் தாமதித்தால் கை வலிக்கும். காற்று ஒரு தடவை பாய்ந்து வந்து முந்தானைகளைத் தூக்கிப் பார்த்தது, பத்துப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்கள். ரோட்டுக்குக் கல் உடைக்கிறவர்கள் சம்மட்டியை இறக்கிவிட்டு, ஒரு நாவல் மரம் நடந்துபோவதைப் பார்த்தார்கள்.

"அம்மா, மரமும் ஸ்கூல்ல சேரப் போகுதா?"

"பேசாம நட சாமி."

"சாமின்னு சொல்லாத. சாமின்னா அழக்கூடாது."

பாக்கியத்தின் தோள் குலுங்கியது, சிரித்தாளா அழுதாளா தெரியாது.

பாதிச் சரிவில், போன வருஷம் குடை பறந்த அதே இடத்தில், எதிர் மேட்டில் முதல் மணி அடித்தது. பெண்கள் நடையை எட்டிப் போட்டார்கள். அது நாவல் பழுக்கிற மாதம்; நிழலின் இலைகளுக்கு நடுவே சின்னச் சின்னதாக, உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாகப் பழத்தின் நிழலும் விழுந்து ரோட்டில் உருண்டுகொண்டே வந்தது. மிதுனா அதைப் பார்த்தாள். போன வருஷப் பழத்துக்குப் பிறகு அவள் நாவல் பழமே பார்க்கவில்லை. சட்டென்று அம்மாவின் கையை விட்டுவிட்டு, ரோட்டில் குத்தவைத்து, ஒரு பழத்தின் நிழலைப் பொறுக்கக் குனிந்தாள். முன்னால் போனவர்களுக்குத் தெரியவில்லை. நிழல் அவள் தலையைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, முதுகில் வழுக்கிக்கொண்டு முன்னால் போகத் தொடங்கியது. வெயிலின் விளிம்பு அவள் வெள்ளைப் பின்னலில் ஏறியது.

"நில்லுங்கடி!" என்று கத்தினாள் யோகராணி. அந்தச் சத்தம் சரிவில் இறங்கி, எதிர் மேட்டில் மோதி, பள்ளிக்கூட வாசலில் நின்ற டீச்சரின் காது வரைக்கும் போயிற்று.

பத்துப் பெண்களும் நின்றார்கள். ஒரு அடி பின்னால் வந்தார்கள். நடுரோட்டில், நட்டநடு வெயிலில், பிள்ளை பொறுக்கி முடிக்கும்வரை நாவல் மரம் நின்றது.